மலைநாட்டு அடுப்பில் பதினொரு தூள் கோழி

அக்கா மகள் கண்டியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறாள். போன மாதம் ஓர் இரவு அழைத்து, "சித்தி, நீங்க செஞ்ச கோழி அப்படியே கே.எஃப்.சி. மாதிரியே இருந்துச்சுன்னு அம்மா சொன்னாங்களே, அந்தத் தூள எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற காரியம் இல்லை. அவளுக்காகவும், அவளைப் போல முதல் தடவை தாச்சியில் எண்ணெய் வைக்கப் போகிறவர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் தூள் என்றால் வறுப்பதுதான். மல்லி, சீரகம், மிளகாய் எல்லாவற்றையும் சட்டியில் நிறம் மாறும்வரை வறுத்து இடித்தால்தான் கோழிக்கறிக்கு மணம். இந்தத் தூளில் ஒன்றைக்கூட வறுக்கக் கூடாது. பச்சை மணத்தோடு காய வேண்டும், காய்ந்தபடியே பொடியாக வேண்டும். மலையில் இருக்கிற நமக்குச் சிரமம் அங்கேதான். ஆனி, ஆடி மாதங்களில் அட்டன், மஸ்கெலியா பக்கம் போத்தலில் இருக்கிற உப்புக்கூட நீர் விட்டுவிடும். ஆகவே ஈரத்தை எந்த இடத்தில் விரட்ட வேண்டும், எந்த இடத்தில் காப்பாற்ற வேண்டும் என்று பார்த்துக்கொண்டே போங்கள். தூள், மா, எண்ணெய் மூன்றிலும் நான் சொல்லப்போவது அதைத்தான்.

பதினொன்று என்பது எங்கிருந்து வந்தது

கே.எஃப்.சி. என்ற பொரித்த கோழிக் கடைகளைத் தொடங்கிய ஹார்லண்ட் சாண்டர்ஸ் என்பவர் 1930 இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கோர்பின் என்ற ஊரில், ஒரு பெற்றோல் நிலையத்தை எடுத்து நடத்தினார். வண்டியை நிறுத்துகிறவர்களுக்குச் சாப்பாடும் போட்டார். பதினொரு மூலிகை, வாசனைப் பொருட்கள் சேர்ந்த அவருடைய கலவை 1940 இல் முடிவான வடிவத்துக்கு வந்தது. 1952 இல் யூட்டா மாநிலத்தின் சோல்ட் லேக் சிற்றியில் இன்னோர் உணவகக்காரருக்கு அதைப் பயன்படுத்தும் உரிமையைக் கொடுத்தார். உலகம் முழுக்க அது பரவியதற்கு அதுதான் தொடக்கம். 1964 இல் நிறுவனத்தை 20 இலட்சம் டொலருக்கு விற்றார். கலவையின் விபரத்தை நிறுவனம் இன்றுவரை பூட்டித்தான் வைத்திருக்கிறது.

பிறகு 2016 ஓகஸ்ட்டில், சிக்காகோ டிரிபியூன் நாளிதழின் நிருபர் ஒருவர் சாண்டர்ஸின் உறவினர் ஒருவரைப் பார்க்கப் போனார். சாண்டர்ஸின் இரண்டாவது மனைவி கிளாடியாவின் மருமகன் முறையானவர் அவர். குடும்பப் படங்கள் ஒட்டிய பழைய ஏட்டைப் புரட்டும்போது, கிளாடியாவின் உயிலின் பின்பக்கத்தில் கையால் எழுதிய ஒரு பட்டியல் இருந்தது. இரண்டு கோப்பை வெள்ளை மாவோடு கலக்க வேண்டிய பதினொரு பொருள். நிறுவனம் அதைச் சரி என்று ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த நாளிதழின் சமையலறையில் பலமுறை பொரித்துப் பார்த்தார்கள். கடைசியில் கொஞ்சம் அஜினமோட்டோ தூவியபோது, கடையில் வாங்கிய கோழிக்கும் தாங்கள் பொரித்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதினார்கள். நான் செய்வதும் அந்தப் பட்டியலை வைத்துத்தான்.

அந்தத் தாளில் அளவு "Ts" என்று இருப்பதாகச் சொல்லி, இதைத் தேக்கரண்டி என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது மேசைக்கரண்டி. தேக்கரண்டியால் அளந்தால் மா மட்டும்தான் வாயில் தெரியும். மேசைக்கரண்டி 15 மில்லிலீற்றர், தேக்கரண்டி 5 மில்லிலீற்றர், கோப்பை 240 மில்லிலீற்றர். கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும். குவித்து அளந்தால் உப்பு கைமீறிப் போகும்.

இதுதான் கலவை, எல்லாம் மேசைக்கரண்டிக் கணக்கு:

வெள்ளை மிளகுத்தூள் – 3
பப்ரிகா – 4
வெள்ளைப்பூட்டு உப்பு – 2
செலரி உப்பு – 1
கறுப்பு மிளகுத்தூள் – 1
கடுகுத்தூள் – 1
சுக்குத்தூள் – 1
உப்பு – மூன்றில் இரண்டு பங்கு
தைம் – அரை
பேசில் – அரை
ஒரிகானோ – மூன்றில் ஒரு பங்கு

இதோடு கோதுமை மா இரண்டு கோப்பை. அஜினமோட்டோ ஒரு தேக்கரண்டி. பிடிக்காதவர்கள் விட்டுவிடலாம், ஆனால் நாக்கில் கடைசியாக நிற்கிற அந்த ருசி கொஞ்சம் குறையும். இந்த அளவு 1.2 கிலோ கோழி ஒன்றுக்குத் தாராளமாகப் போதும். இந்தியாவிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் நாட்டில் கோதுமை மா என்றால் வெள்ளை மா, உங்கள் மைதா. ஆட்டா மா போட்டால் மேல்தோல் தடித்துப் போகும்.

வெள்ளை மிளகைத்தான் முதலில் தேட வேண்டும்

பட்டியலைப் பார்த்ததும் எல்லோரும் தைம், ஒரிகானோவைத் தேடி ஓடுகிறார்கள். அவை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கோழி கெட்டுப்போகாது. வெள்ளை மிளகு இல்லாவிட்டால் அந்தக் கோழி இல்லவே இல்லை. கறுப்பு மிளகைப்போல் மூன்று மடங்கு போகிறது, பாருங்கள். சிறுவயதில் கடையில் இந்தத் தூளைக் கலந்து கொடுத்த அந்த உறவினரும், முக்கியமான பொருள் வெள்ளை மிளகுதான் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார்.

கறுப்பு மிளகும் வெள்ளை மிளகும் ஒரே கொடியில் காய்ப்பவை. காய் முற்றியதும் பறித்துத் தோலோடு காயவைத்தால் கறுப்பு. பழுத்ததைத் தண்ணீரில் ஊறவைத்துத் தோலை அழுகவிட்டு நீக்கிக் காயவைத்தால் வெள்ளை. அந்த ஊறலில்தான் மண்வாசனை போன்ற ஒரு மணம் ஏறுகிறது. பொரித்த கோழியைக் கடித்ததும் மூக்குக்குப் பின்னால் போய் நிற்பது அதுதான். நகரத்துப் பெரிய கடைகளில் போத்தலில் கிடைக்கும், விலை கூடுதல். மாத்தளை, கண்டி, கம்பளைப் பக்கம் மிளகுக்கொடி வைத்திருக்கிற சொந்தம் இருந்தால் பழுத்த சரம் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள்.

அதுவும் இல்லையென்றால் கடையில் வாங்கிய கறுப்பு மிளகிலேயே செய்யலாம். 50 கிராம் மிளகைக் கழுவி, போத்தலில் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றுங்கள். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். கீழ்நாட்டில் ஒரு வாரம் போதும்; நம் குளிருக்குப் பத்து நாள், சில வீடுகளில் இரண்டு வாரம்கூட ஆகும். வாடை வரும், பயப்பட வேண்டாம். விரலால் நசுக்கினால் தோல் வழுக்கிக்கொண்டு வரும் பதத்தில், சல்லடையில் போட்டுத் தண்ணீருக்குள்ளேயே தேயுங்கள். நாலைந்து தண்ணீர் அலசுங்கள். உள்ளே சாம்பல் கலந்த வெள்ளையாக மணி நிற்கும். அதை நன்றாகக் காயவைத்தால் முடிந்தது. பழத்தில் செய்ததைப் போலப் பளிச்சென்று வராது, ருசி வரும்.

மற்றதெல்லாம் நம் கொல்லையிலிருந்து

பப்ரிகா என்பது காரமில்லாத ஒரு மிளகாய் வகையின் தூள். நான்கு மேசைக்கரண்டி போடுவது நிறத்துக்கும் ஓர் இனிப்புக்கும்தான். நம் மிளகாய்த்தூளை அதே அளவு போட்டால் பிள்ளைகள் வாயில் வைக்க முடியாது. பப்ரிகா கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி போடுங்கள். எனக்குப் பிடித்தது வேறு வழி: நுவரெலியா, வெலிமடைப் பக்கம் பொலித்தீன் கூடாரத்துக்குள் வளர்க்கிற சிவந்த பெல் பெப்பர் அரைக் கிலோ வாங்கி, விதையும் உள்நரம்பும் நீக்கி, மெல்லிசாக நறுக்கிக் காயவைத்து அரைப்பது. பழத்தில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அரைக் கிலோவும் வற்றி ஒரு சின்னப் போத்தலுக்குத்தான் வரும். இந்த ஒரு கலவைக்கு அது சரியாக இருக்கும். பப்ரிகாவும் பெல் பெப்பரும் தாவரத்தில் ஒரே இனம், அதனால் ருசி பிசகாது.

செலரி உப்பு வெளிநாட்டில் செலரி விதையில் செய்வது. நமக்குச் சந்தையில் செலரி இலை கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது, லீக்சோடும் கரட்டோடும் அதே மலையில்தான் விளைகிறது. தண்டைச் சூப்புக்கு வைத்துக்கொண்டு இலையை மட்டும் காயவைத்துப் பொடியாக்கி, சம அளவு தூள் உப்போடு கலந்துவிடுங்கள். விதையைவிட இலைக்கு மணம் குறைவு, அதனால்தான் சமபங்கு சொல்கிறேன்.

வெள்ளைப்பூட்டு உப்பு: ஒரு பங்கு வெள்ளைப்பூட்டுத் தூளுக்கு மூன்று பங்கு உப்பு. தூள் கடையில் கிடைக்கும். வீட்டில் செய்வதென்றால் பல்லை மிக மெல்லிசாகச் சீவி, கண்ணாடி போல் உடையும்வரை காயவைக்க வேண்டும். பச்சைப் பூட்டை அரைத்து மாவில் சேர்த்தால் எண்ணெயில் கறுத்துக் கசக்கும்.

கடுகை வறுக்காமல், தாளிக்காமல், அப்படியே அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பாவிக்கும் மஞ்சள் கடுகைவிட நம் கடுகுக்குக் காட்டம் அதிகம். முக்கால் மேசைக்கரண்டி போதும். சுக்கு எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும்.

மூலிகை மூன்று. தைம் நுவரெலியாவில் நன்றாக வளர்கிறது, தொட்டியில் வைத்தால்கூட வரும். கிடைக்காதவர்கள் ஓமம் எடுங்கள். தைமின் மணத்துக்குக் காரணமான தைமோல் ஓமத்தில் மிக அதிகமாக இருக்கிறது. ஆகவே அரை மேசைக்கரண்டி தைமுக்கு அரைத் தேக்கரண்டிக்கும் குறைவான ஓமத்தூள் போதும். கூடினால் கோழி கஷாயம் போல மணக்கும். ஒரிகானோவுக்குக் கற்பூரவள்ளி. லயத்து வாசலில் சளிக்கு என்று வைத்திருக்கிறோமே, அதே இலை. ஒரிகானோவில் இருக்கிற கார்வக்ரோல் அதிலும் உண்டு. சதைப்பற்றான இலை என்பதால் காய அதிக நாள் எடுக்கும். பேசிலுக்குப் பதிலாகத் துளசி போடாதீர்கள். துளசியில் கராம்பு மணம் தூக்கும். சர்பத்திலும் பலூடாவிலும் மிதக்கிற கசகச விதையின் செடி, திருநீற்றுப்பச்சை, அதுதான் பேசில்.

கறுவா, ஏலம், கறித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். கை பரபரக்கும், எனக்குத் தெரியும். முதல் தடவையாவது பட்டியலோடு நின்றுகொள்ளுங்கள்.

காயவைப்பது

தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்தை வாட்டுகிறதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே தேவையில்லை. பரப்பிப் போட்டு, அடியிலிருந்து காற்றை விட்டு, இலையைக் கருக்காமல் நீரை மட்டும் எடுக்கிறார்கள். மூலிகைக்கும் அதேதான். வெயிலில் நேராகப் போட்டால் நிறமும் மணமும் வெளுத்துவிடும். சுளகில் மெல்லிய வெள்ளைத்துணி விரித்து, இலை மேல் இலை படாமல் பரப்பி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள்.

காலம் பார்த்துச் செய்வது நல்லது. அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் தை முதல் பங்குனி வரை காற்று காய்ந்திருக்கும். பண்டாரவளை, பதுளை, அப்புத்தளைப் பக்கத்துக்கு ஆனி முதல் ஆவணி வரை வறண்ட காற்று. மேற்கே மழை கொட்டும்போது அங்கே இலை சருகாகும். திம்புள்ளைத் தேயிலைக்கும் ஊவாத் தேயிலைக்கும் மணம் ஏறுகிற மாதங்களும் இவையேதான். அந்தக் காலத்தில் ஒரு போத்தல் காயவைத்துக்கொண்டால் வருடம் முழுக்கப் போகும்.

மழைக்காலத்தில் செய்தே ஆக வேண்டும் என்றால் விறகடுப்புக்கு மேலே உயரத்தில், புகை நேராகப் படாத பக்கமாகச் சுளகைத் தொங்கவிடுங்கள். காஸ் அடுப்பு மட்டும் உள்ளவர்கள், சோறு வடித்து இறக்கிய சூட்டு அடுப்பின் பக்கத்தில் தட்டை வைத்து வைத்து எடுக்கலாம். அடுப்பின் மேலேயே சட்டியில் போட்டுச் சூடாக்க வேண்டாம், அது வறுவல் ஆகிவிடும். இலையைக் கசக்கினால் சத்தத்தோடு நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக அரைத்துச் சலியுங்கள். மிளகும் கடுகும் நைசாக வேண்டும். தைம், பேசில், ஒரிகானோ மூன்றும் கையால் நொறுக்கியது போல் இருந்தால் போதும். உப்பு எல்லா இடத்திலும் தூள் உப்புக் கணக்கு. கல் உப்பு பாவிக்கிற வீடுகளில் அதை இடித்துச் சலித்த பிறகு அளக்க வேண்டும்.

கலந்ததும் உடனே பாவிக்காதீர்கள். காய்ந்த போத்தலில் இறுக மூடி இரண்டு நாள் வையுங்கள், மணங்கள் ஒன்றோடொன்று சேரும். போத்தலுக்குள் ஒரு சிறு துணி முடிச்சில் பச்சரிசி போட்டு வைத்தால் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். மாவைத் தூளோடு சேர்த்து வைக்க வேண்டாம். பொரிக்கிற அன்றுதான் மா.

கோழி

புரொய்லர் கோழி, ஒரு கிலோவிலிருந்து 1.2 கிலோ வரை, தோலோடு. கடையில் தோலை உரிக்கச் சொல்லி வாங்குகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இதற்குத் தோல் வேண்டும். எட்டுத் துண்டு போடச் சொல்லுங்கள்: தொடை இரண்டு, கால் இரண்டு, இறக்கை இரண்டு, நெஞ்சு இரண்டு. நெஞ்சு பெரிதாக இருந்தால் அதைக் குறுக்கே வெட்டலாம். முட்டை இட்டு ஓய்ந்த கோழியும் ஊர்க்கோழியும் இதற்குச் சரிவராது; பொரிகிற நேரத்துக்குள் அந்த இறைச்சி மிருதுவாகாது. அவற்றுக்குக் குழம்புதான் மரியாதை.

தயிர் ஒரு கோப்பையில் அரைக் கோப்பை தண்ணீர் விட்டுக் கடைந்து மோராக்குங்கள். தயிர் இல்லையென்றால் ஒன்றரைக் கோப்பை பாலில் ஒன்றரை மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள், திரிந்துவிடும். ஒரு முட்டை, அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்து அடித்து, துண்டுகளை அதில் போடுங்கள். அரை மணி நேரம் ஊறினால் போதும் என்பார்கள். நான் நான்கு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறேன். மோரின் புளிப்பு இறைச்சியை இளக்குகிறது, உப்பு உள்ளே நீரைப் பிடித்து வைக்கிறது. ஈரத்தைக் காப்பாற்ற வேண்டிய இடம் இது. உப்பை இதற்கு மேல் கூட்டாதீர்கள், மாவில் போதுமானது இருக்கிறது.

பொரிப்பதற்கு முக்கால் மணி முன்பே வெளியே எடுங்கள். ஐஸ் குளிரோடு எண்ணெயில் விழுகிற துண்டு நடுவில் வேகாது.

மா ஏற்றுவது

தட்டையான பாத்திரத்தில் மாவையும் தூளையும் கலந்து இரண்டு முறை சலியுங்கள். ஒரு கையால் துண்டை எடுத்து, மோர் சொட்டி முடியட்டும். மறு கையால் மாவைத் தூவி, அழுத்தி, மடிப்புகளுக்குள்ளும் படவிடுங்கள். உதறிவிட்டு ஒரு கம்பித்தட்டில் வையுங்கள்.

அடுத்து வருவதைப் புதியவர்கள் பலர் தாண்டிப் போகிறார்கள்: இருபது நிமிடம் அப்படியே விட வேண்டும். வெள்ளையாகத் தெரிந்த மா நனைந்து பசை போலாகி, நிறம் மங்கும். அப்போதுதான் அது தோலோடு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். உடனே எண்ணெயில் போட்டால் பாதி மா கழன்று அடியில் போய்க் கருகும். பொரிக்கப் போடுமுன் மிக மெல்லிசாக இன்னொரு முறை மாவில் புரட்டினால் மொறுமொறுப்பு கூடும்.

நம் உயரத்தில் எண்ணெய்

முதல் தடவை நான் இதைப் பொரித்தது நுவரெலியாவில், அண்ணன் வீட்டில். வெளிநாட்டுச் செய்முறை சொன்ன 177 பாகை செல்சியஸை எண்ணெய்க்கான வெப்பமானி வைத்தே பிடித்தேன். பத்து நிமிடத்தில் வெளியே தேக்கு நிறம். தட்டில் வைத்துப் பிரித்தால் எலும்போரம் இரத்தம். பிள்ளைகள் சாப்பிடக் காத்திருந்தார்கள்; எல்லாவற்றையும் திரும்பவும் வேகவைத்துக் கறியாக்க வேண்டியதாயிற்று. அன்றைக்குப் பட்ட வருத்தத்தில்தான் காரணத்தைத் தேடினேன்.

நுவரெலியாவில் பருப்பு வேக நேரம் எடுக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதற்குப் பதில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கோழிக்குள் இருப்பதும் தண்ணீர்தானே. மாவுக்குக் கீழே நீர் ஆவியாகிற படலம் கடலோர ஊரில் 100 பாகையில் நிற்கும், இங்கே 94 இல் நிற்கிறது. எலும்பை நோக்கிப் போகிற சூடு அதனால் குறைகிறது. மேலே இருக்கிற ஈரமோ சீக்கிரம் பறந்து, மா முன்கூட்டியே சிவக்கிறது. வெளியே கருகி உள்ளே வேகாமல் போவது அதனால்தான்.

சாண்டர்ஸ் செய்தது இதற்கு நேர் எதிர். சாதாரணத் தாச்சியில் ஒரு கோழி பொரிய அரை மணி நேரம் ஆனது, வாடிக்கையாளர் அவ்வளவு நேரம் நிற்க மாட்டார்கள். 1939 இல் அவர் அழுத்தத்தில் சமைக்கும் பாத்திரத்தை எடுத்து அதில் கோழியைப் பொரித்தார். அழுத்தம் கூடும்போது நீர் கொதிக்கிற வெப்பம் கூடுகிறது, ஈரம் உள்ளேயே அடங்குகிறது, நேரமும் குறைகிறது. இதை வாசித்துவிட்டு யாரும் வீட்டுப் பிரஷர் குக்கரில் எண்ணெய் ஊற்றி மூடிவிடாதீர்கள். வீட்டுக் குக்கர் தண்ணீருக்காகச் செய்தது. அதன் இறப்பர் வளையமும் வால்வும் கொதிக்கிற எண்ணெயைத் தாங்காது. வெடித்தால் முகத்தில்தான் வரும். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நமக்கு உள்ள வழி எண்ணெயின் சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவது. ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு பாகை குறைக்க வேண்டும். அட்டன், பண்டாரவளை உயரத்துக்கு 170 பாகை. நுவரெலியாவுக்கு 165. கண்டியில் பெரிய வித்தியாசம் இல்லை, 174 என்று வைத்துக்கொள்ளலாம்.

தேங்காய் எண்ணெயில் பொரிக்கலாமா என்று அக்கா மகள் கேட்டாள். செக்கில் ஆட்டியது இந்தச் சூட்டிலேயே புகையத் தொடங்கும், வாசனையும் தூளை அமுக்கும். சூரியகாந்தி எண்ணெயோ சுத்திகரித்த வேறு மரக்கறி எண்ணெயோ ஒன்றரை லீற்றர் எடுங்கள். ஆழமான, அடி கனத்த தாச்சி. எண்ணெய் பாதிக்கு மேல் ஏறக் கூடாது. வெப்பமானி இல்லாதவர்கள் பாண் துண்டு ஒன்றை விரல்நுனி அளவுக்கு வெட்டிப் போடுங்கள். ஒரு நிமிடம் தாண்டிப் பொன்னிறமானால் சரியான சூடு. அரை நிமிடத்திலேயே சிவந்தால் அடுப்பைக் குறைத்துக் காத்திருங்கள். விறகடுப்பு என்றால் கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியில் வெட்டிய சுள்ளி) வேண்டாம், அது சட்டென்று பற்றிச் சட்டென்று அடங்கும், சூடு ஏறி இறங்கும். கனமான கட்டை இரண்டு வைத்து, தணலில் பொரியுங்கள். சூடு கூடினால் கட்டையை இழுத்துவிடலாம்.

ஒரு தடவைக்கு மூன்று துண்டு, அதற்கு மேல் வேண்டாம். தோல்பக்கம் கீழே இருக்கும்படி, உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக விடுங்கள். முதல் நான்கு நிமிடம் தொடக்கூடாது, மா இறுகட்டும். பிறகு ஒரு முறை திருப்பினால் போதும். தொடைக்கும் நெஞ்சுக்கும் 16 முதல் 20 நிமிடம், காலுக்கு 14, இறக்கைக்கு 10. காதையும் பழக்கிக்கொள்ளுங்கள்: தொடக்கத்தில் மழை பெய்வது போலச் சடசடவென்று கேட்கும், ஈரம் குறையக் குறையச் சத்தம் அடங்கி மெல்லிய முணுமுணுப்பாகும். இறைச்சிக்கான வெப்பமானி இருந்தால் எலும்பில் படாமல் நடுவில் குத்திப் பாருங்கள். 74 பாகை வந்தால் வெந்துவிட்டது. தொடை 80 வரை போனால் இன்னும் நன்றாகக் கழன்று வரும். இல்லாதவர்கள் கத்திநுனியால் எலும்போரம் குத்தினால் தெளிந்த நீர் வர வேண்டும்; சிவப்பாக வந்தால் திரும்ப எண்ணெய்க்கு.

நுவரெலியா, கந்தப்பளை போல உயரமான இடங்களில் இருக்கிறவர்களுக்கு நான் இரண்டு முறை பொரிக்கச் சொல்வேன். முதலில் 155 பாகையில் பதினாலு பதினைந்து நிமிடம், நிறத்தைப் பற்றிக் கவலைப்படாமல். எடுத்துக் கம்பித்தட்டில் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். அந்த ஆறலில் சூடு எலும்பு வரை போய்ச் சேரும். பிறகு 175 இல் இரண்டு நிமிடம். கருகாமல் மொறுமொறுவென்று வருகிறது. அண்ணன் வீட்டில் இப்போது இப்படித்தான்.

எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து, தாச்சியை மூடியால் மூடிவிடுங்கள். பொரிக்கத் தொடங்குமுன்னே அந்த மூடியைக் கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த பிறகு

கடதாசியில் போட்டு மூடி வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அடியில் நீராவி தேங்கி, அவ்வளவு பாடுபட்டு எடுத்த மொறுமொறுப்பு ஐந்து நிமிடத்தில் போய்விடும். கம்பித்தட்டில், மூடாமல், ஐந்து நிமிடம். அஜினமோட்டோவை மாவில் சேர்க்காதவர்கள், விரும்பினால் சூடாக இருக்கும்போதே ஒரு சிட்டிகை மேலே தூவலாம்.

எண்ணெயை ஆறவிட்டுத் துணியில் வடிகட்டினால் இன்னும் ஒரு தடவைக்குப் பாவிக்கலாம். நிறம் கறுத்து நுரை கட்டினால் கொட்டிவிடுங்கள், கானுக்குள் ஊற்ற வேண்டாம், அடைத்துக்கொள்ளும். கோழி பட்ட மாவை எடுத்து வைக்கக் கூடாது. கோழி படாத தூள், போத்தலில் இறுக மூடி வைத்தால் மூன்று மாதம் வரை மணம் குறையாது.

அந்தத் தூளில் மிச்சம் இரண்டு தேக்கரண்டி இருந்தால், வெலிமடை உருளைக்கிழங்கை விரல் தடிப்பில் வெட்டி, பாதி அவித்து, துணியால் நன்றாக ஒற்றியெடுத்து, அதே எண்ணெயில் பொரித்து, சூட்டோடு தூளைத் தூவிக் குலுக்குங்கள். எங்கள் வீட்டில் கோழி வருமுன்பே இது முடிந்துவிடுகிறது, அதனால் கிழங்கைக் கோழிக்குப் பிறகுதான் பொரிக்கிறேன்.